இன்ஃப்ராரெட் போட்டோ எடுக்க ஆரம்பிக்கிறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

மரமெல்லாம் பனி கொட்டின மாதிரி வெள்ளையா, வானம் கருகருன்னு இருக்குற போட்டோவ பாத்துட்டு "இது எப்படிங்க எடுக்குறீங்க, போட்டோஷாப்பா"ன்னு கேக்குறவங்களுக்காக இதை எழுதுறேன். போட்டோஷாப் கொஞ்சம் இருக்கு, ஆனா வெள்ளை இலை நிஜமாவே கேமராவுல விழுறதுதான். என் கருத்த முதல்லயே சொல்லிடறேன்: இதுக்குன்னு புது கேமரா வாங்காதீங்க, கன்வெர்ஷனுக்கும் (கேமராவுக்குள்ள இன்ஃப்ராரெட்ட தடுக்குற கண்ணாடிய எடுத்து மாத்துறது) உடனே காசு கட்டாதீங்க. லென்ஸ் முன்னாடி மாட்டுற கருப்பு கண்ணாடி ஃபில்டர் ஒண்ணு, ஒரு ட்ரைபாட், நல்ல வெயில், இது மூணும் இருந்தா போதும். வெயிலுக்கு நம்ம ஊர்ல என்ன பஞ்சம்.

இன்ஃப்ராரெட்னா உடம்பு சூட்ட சிவப்பு மஞ்சளா காட்டுமே, அந்த கேமராவா?

இல்ல, அது தெர்மல் கேமரா, அது வேற குடும்பம். வெளிச்சத்தோட அலைநீளத்த நானோமீட்டர்ல அளப்பாங்க, நம்ம கண்ணுக்கு தெரியுற வெளிச்சம் சுமாரா 400 நானோமீட்டர்ல ஆரம்பிச்சு 700 நானோமீட்டர்ல முடியுது. அதுக்கு அடுத்து 700ல இருந்து 1100 வரைக்கும் இருக்குறத நியர் இன்ஃப்ராரெட்னு சொல்வாங்க, சாதாரண டிஜிட்டல் கேமராவோட சிலிக்கான் சென்சார் அதை நல்லாவே பாக்கும். தெர்மல் கேமரா பாக்குறது 8000ல இருந்து 14000 நானோமீட்டர் வரைக்கும் உள்ள ஏரியா, அதுக்கு சென்சாரும் வேற, லென்ஸும் கண்ணாடி கிடையாது, ஜெர்மானியம். நாம இங்க எடுக்கப்போறது பொருளோட சூட்ட இல்ல, வெயில்ல இருக்குற இன்ஃப்ராரெட் பொருள் மேல பட்டு திரும்பி வருது பாருங்க, அதை.

இந்த கண்ணுக்கு தெரியாத வெளிச்சத்த 1800ல வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடிச்சார், ப்ரிஸம் பிரிச்ச நிறத்துல சிவப்புக்கு அந்தாண்ட, ஒண்ணுமே தெரியாத இடத்துல தெர்மாமீட்டர வச்சப்ப சூடு ஏறிச்சு. போட்டோவா எடுத்து 1910ல வெளியிட்டது ராபர்ட் வுட்ங்கிற அமெரிக்க இயற்பியல்காரர், அதனாலதான் இலை வெள்ளையா தெரியுறதுக்கு வுட் எஃபெக்ட்னு பேர். வுட்ங்கிறது அவர் பேரு, மரக்கட்டை இல்ல, நிறைய பேர் மாத்தி புரிஞ்சுக்கிறாங்க.

நான் இதுவரைக்கும் இப்படி ஒரு படத்த பாத்ததே இல்லையே?

கண்டிப்பா பாத்திருப்பீங்க. தெருவுல இருக்குற சிசிடிவி ராத்திரி ஆனதும் கருப்பு வெள்ளையா மாறும்ல, அது இன்ஃப்ராரெட்தான். கேமராவ சுத்தி இருக்குற குட்டி எல்இடி எல்லாம் பெரும்பாலும் 850 நானோமீட்டர், கிட்ட போய் பாத்தா மங்கலா சிவப்பா தெரியும். இருட்டினதும் கேமராவுக்குள்ள "டக்"னு ஒரு சத்தம் வரும், சென்சாருக்கு முன்னாடி இன்ஃப்ராரெட்ட தடுத்துக்கிட்டிருந்த ஃபில்டர் ஒதுங்குற சத்தம் அது. அந்த ஃபுட்டேஜ நல்லா கவனிச்சு பாருங்க, வாசல்ல இருக்குற வேப்பிலை, துளசிச்செடி எல்லாம் வெளுத்து தெரியும், கருப்பு சட்டை போட்டு வந்த ஆள் சில சமயம் வெள்ளை சட்டையில இருப்பார். நாம செய்யப்போறதும் இதேதான், பகல்ல, நல்ல கேமராவுல.

இலை எதனால வெள்ளையா தெரியுது?

பச்சையம்தான் இன்ஃப்ராரெட்ட திருப்பி அடிக்குதுன்னு பல இடத்துல எழுதியிருக்கும், அது சரியில்ல. பச்சையம் சிவப்பையும் நீலத்தையும் குடிச்சிடும், 700 நானோமீட்டர தாண்டினதும் அதுக்கு அந்த வெளிச்சத்துல ஆர்வமே கிடையாது, ஊடுருவ விட்டுடும். உள்ள போன வெளிச்சம் இலைக்குள்ள இருக்குற பஞ்சு மாதிரியான செல் அடுக்குல, செல்லுக்கும் காத்து இடைவெளிக்கும் நடுவுல மோதி மோதி சிதறி பாதிக்கு பக்கத்துல வெளியவே திரும்பி வந்துடும். அதனால தழதழன்னு இருக்குற இலை பளிச்சுன்னு தெரியும். சருகு, வைக்கோல்ல அந்த வித்தியாசமான வெளுப்பு இருக்காது. பைன் மாதிரி ஊசியிலை மரங்களும் ஆலமரம், புளியமரம் அளவுக்கு வெளுக்காது, கொடைக்கானல் பைன் காட்டுக்கு ஆசையா ஃபில்டர் எடுத்துட்டு போறவங்க இதை மனசுல வச்சுக்குங்க.

வானம் ஏன் கருப்பாகுது?

காத்து சின்ன அலைநீளத்த அதிகமா சிதறடிக்கும், பெரிய அலைநீளத்த கம்மியா. அலைநீளத்தோட நாலாவது அடுக்குக்கு ஏத்த மாதிரி குறையுது, அதாவது 450 நானோமீட்டர் நீலம் சிதறுறதுல பத்துல ஒரு பங்குதான் 800ல சிதறும். நீல வானத்துல இன்ஃப்ராரெட்டே அவ்வளவா இல்ல, அதனால கருக்குது, மேகம் மட்டும் எல்லாத்தையும் சிதறடிக்கிறதால வெள்ளையா நிக்கும். தூரத்து மலை மேல இருக்குற புகைமூட்டமும் ஓரளவு விலகிடும். தண்ணியும் கருப்பாதான் வரும், ஆனா மேல இருக்குற மேகத்தோட நிழலாட்டம் அதுல அப்படியே விழும்.

என் கேமராவுல எடுக்க முடியுமான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது?

டிவி ரிமோட் போதும். ரூம்ல லைட்ட அணைங்க, ரிமோட்டோட மூக்க கேமராவுக்கு நேரா பிடிச்சு ஏதாவது பட்டன அமுக்கிக்கிட்டே இருங்க, லைவ் வியூவுல பாருங்க, லைவ் வியூ இல்லாத பழைய டிஎஸ்எல்ஆர்னா ட்ரைபாட்ல வச்சு ஒரு செகண்ட் எக்ஸ்போஷர் குடுங்க. ரிமோட் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர், கண்ணுக்கு துளியும் தெரியாது. ஸ்க்ரீன்ல பளிச்சுன்னு வெள்ளையாவோ ஊதாவாவோ எரிஞ்சா உங்க கேமரா தாராளமா பாக்குதுன்னு அர்த்தம். சின்ன புள்ளியா மங்கலா தெரிஞ்சா எடுக்கலாம், ஆனா நேரம் பிடிக்கும். ஒண்ணுமே தெரியலைன்னா அந்த கேமராவ விட்டுட்டு அடுத்தத பாருங்க.

இந்த வித்தியாசத்துக்கு காரணம் சென்சார் இல்ல. சென்சாருக்கு முன்னாடி ஹாட் மிரர்னு ஒரு ஃபில்டர் ஒட்டியிருப்பாங்க, சாதாரண போட்டோவுல கலர் கெடாம இருக்க இன்ஃப்ராரெட்ட தடுக்குற கண்ணாடி. கம்பெனிக்கு கம்பெனி, மாடலுக்கு மாடல் இது தடுக்குற பலம் மாறும். லைக்கா எம்8 2006ல வந்தப்ப இந்த கண்ணாடிய ரொம்ப மெல்லிசா வச்சுட்டாங்க, கருப்பு கோட்டெல்லாம் ஊதா நிறத்துல வந்துச்சு, அப்புறம் வாங்கினவங்களுக்கு லென்ஸ் முன்னாடி போட ஃபில்டர் இலவசமா குடுத்தாங்க. கல்யாண போட்டோகிராஃபருக்கு அது தலைவலி, நமக்கு அது வரம்.

அப்ப எந்த கேமரா நல்லது?

பொதுவா பழசு நல்லது. 2004ல வந்த நிக்கான் டி70 இதுக்கு பேர்போனது, ஹாட் மிரர் அவ்வளவு பலவீனம். 6 மெகாபிக்சல்தான், இருக்கட்டுமே, போஸ்டரா அடிக்கப்போறோம். சோனி எஃப்717ல நைட்ஷாட்னு ஒரு ஸ்விட்ச் உண்டு, அதை தட்டினா ஃபில்டரே ஒதுங்கிடும், ஆனா அந்த மோட்ல பகல்ல எடுக்க முடியாதபடி ஷட்டர் ஸ்பீட கட்டிப்போட்டிருப்பாங்க, அதனால வெளிச்சத்த குறைக்குற என்டி ஃபில்டரும் சேத்து போட்டுதான் எடுக்கணும். சிக்மா எஸ்டி14, எஸ்டி1, எஸ்டி குவாட்ரோ இதெல்லாம் தனி ரகம், அந்த தடுப்பு கண்ணாடிய நீங்களே கையால கழட்டி மாட்டிக்கலாம், எந்த சர்வீஸ் சென்டருக்கும் போக வேணாம். ஏன் மத்த கம்பெனியெல்லாம் இப்படி செய்யலைன்னு எனக்கு இன்னமும் வருத்தம்தான்.

புது மிரர்லெஸ் கேமராவுல ஹாட் மிரர் ரொம்ப ஸ்ட்ராங். முடியாதுன்னு இல்ல, எக்ஸ்போஷர் நீளும், அவ்வளவுதான்.

மொபைல்ல முடியுமா?

பின்னாடி இருக்குற மெயின் கேமரா பெரும்பாலும் நல்லா தடுத்துடும். செல்ஃபி கேமராவுல சில போன்ல ரிமோட் டெஸ்ட் நல்லா தெரியும், அதுக்கு மேல ஃபில்டர் துண்ட ஒட்டி விளையாடி பாக்கலாம், ஆனா தரம்னு எதையும் எதிர்பாக்காதீங்க. எலக்ட்ரானிக்ஸ் தெரிஞ்ச ஆளா இருந்தா ராஸ்பெர்ரி பைங்கிற குட்டி கம்ப்யூட்டர் போர்டுக்கு நோஐஆர்னு ஒரு கேமரா வருது, அதுல தடுப்பு ஃபில்டரே வைக்காம விக்கிறாங்க, போனை விட அது நூறு மடங்கு மேல்.

எந்த ஃபில்டர் வாங்கணும்? 590, 665, 720, 850ன்னு ஏகப்பட்டது இருக்கே?

அந்த நம்பர், எந்த நானோமீட்டர்ல இருந்து வெளிச்சத்த உள்ள விட ஆரம்பிக்குதுங்கிறது. மாத்தாத கேமராவுக்கு 720 மட்டும்தான் யோசிக்கணும், ஹோயா ஆர்72 எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. 720ல கொஞ்சூண்டு ஆழ்ந்த சிவப்பும் கசியும், அதனால பின்னாடி கலரோட விளையாட கொஞ்சம் இடம் இருக்கும். 850 போட்டா சுத்தமான கருப்பு வெள்ளைதான், மாத்தாத கேமராவுல அதை போட்டுட்டு நின்னா எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்குல போகும். 590, 665 எல்லாம் கண்ணுக்கு தெரியுற சிவப்பு ஆரஞ்சையும் உள்ள விடும், ஹாட் மிரர் இருக்குற கேமராவுல அந்த சாதா சிவப்புதான் படம் முழுக்க நிரம்பும், இன்ஃப்ராரெட் அதுல காணாம போயிடும். அதெல்லாம் கன்வெர்ட் பண்ண கேமராவுக்கு.

சைஸ் விஷயத்துல ஒரு சின்ன புத்திசாலித்தனம்: உங்க லென்ஸ்லயே பெரிய வாய் எதுக்கு இருக்கோ அந்த சைஸ்ல ஒண்ணு வாங்கிட்டு மத்த லென்ஸுக்கு ஸ்டெப்-அப் ரிங் (சின்ன லென்ஸ்ல பெரிய ஃபில்டர மாட்ட உதவுற வளையம்) போட்டுக்குங்க. ரிங் விலை ஃபில்டர் விலையில ஒரு ஓரம்தான்.

ஃபில்டர் வாங்காம சும்மா டெஸ்ட் பண்ண வழி இருக்கா?

இருக்கு. வெளிச்சமே படாம டெவலப் பண்ண ஸ்லைட் ஃபிலிம் துண்டு. ரோல் முடிவுல கருப்பா இருக்குமே அதேதான். கண்ணுக்கு கருப்பு, இன்ஃப்ராரெட்டுக்கு கண்ணாடி மாதிரி. ரெண்டு துண்டு சேத்து வச்சு பாருங்க. படம் மொழுமொழுன்னு தெளிவில்லாம வரும், ஆனா "அட, நிஜமாவே இலை வெளுக்குதே"ன்னு நம்பிக்கை வர்றதுக்கு போதும். நெகட்டிவ் ஃபிலிம்ல வெளிச்சம் படாத இடம் வெளிறிப்போய் இருக்கும், இதுக்கு உதவாது, ஸ்லைட் ஃபிலிமாதான் இருக்கணும்.

ஃபில்டர மாட்டினா வ்யூஃபைண்டர்ல ஒண்ணுமே தெரியலையே, எப்படி எடுக்குறது?

தெரியாது, அது அப்படித்தான். அதனால வேலைய முன்னாடியே முடிச்சுடணும். முதல்ல ட்ரைபாட்ல கேமராவ நிறுத்துங்க, ஃபில்டர் இல்லாம ஃபிரேம் பண்ணுங்க, ஃபோகஸ் பண்ணுங்க, ஃபோகஸ மேனுவலுக்கு மாத்திடுங்க, அப்புறம் ஃபோகஸ் ரிங் அசையாம மெதுவா ஃபில்டர திருகுங்க. கிட் லென்ஸ் சிலதுல ஃபோகஸ் பண்ணும்போது முன்பக்கமே சுத்தும், அதுல ரொம்ப பாத்து திருகணும், ஒரு கையால லென்ஸ் முனைய பிடிச்சுக்குங்க. டிஎஸ்எல்ஆர்னா வ்யூஃபைண்டர் ஓட்டைய மூடியோ கருப்பு துணியோ போட்டு மறைங்க, எக்ஸ்போஷர் நீளமா போகும்போது அந்த வழியா வெளிச்சம் உள்ள கசிஞ்சு படத்துல பட்டை பட்டையா விழும்.

எவ்வளவு எக்ஸ்போஷர்னு கேட்டா, மீட்டர நம்பாதீங்க, அது கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்துக்கு அளந்து செஞ்சது. மத்தியான வெயில், ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 10 செகண்ட்ல ஆரம்பிங்க. அதே வெயில்ல ஃபில்டர் இல்லாம 1/1600 செகண்ட் போதும், அதாவது வெளிச்சத்த 16000ல ஒரு பங்கா ஹாட் மிரரும் ஃபில்டரும் சேந்து குறைச்சுடுதுங்க. உங்க கேமராவுக்கு 2 செகண்ட் போதுமா இருக்கலாம், 30 செகண்ட் ஆகலாம், முதல் நாள் ஒரே மரத்த 1, 2, 4, 8, 15, 30ன்னு வரிசையா எடுத்து பாருங்க, உங்க கேமராவோட கணக்கு உங்களுக்கு தெரிஞ்சிடும், அதுக்கப்புறம் வெயில் அதே மாதிரி இருக்குற வரைக்கும் பெருசா மாறாது.

ஹிஸ்டோகிராம (படத்துல இருட்டு, வெளிச்சம் எவ்வளவுன்னு கேமரா காட்டுற கிராஃப்) பாக்கும்போது வெள்ளைக் கோட்ட மட்டும் பாக்காம சிவப்பு சேனல தனியா பாருங்க. சிவப்புதான் முதல்ல முட்டும், மொத்த கிராஃப் நடுவுல சமத்தா இருக்குற மாதிரி காட்டும், அங்க சிவப்பு எப்பவோ வலது சுவத்துல மோதி நிக்கும், அப்படி வெடிச்ச இலையில டீடெயில் எதுவும் மீளாது.

லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் ஆன்ல இருந்தா 30 செகண்ட் படத்துக்கு அப்புறம் இன்னொரு 30 செகண்ட் கேமரா தானா ஒரு இருட்டு படம் எடுத்துக்கும். ஹேங் ஆகலை, பேட்டரிய புடுங்காதீங்க.

காத்தடிச்சா இலை எல்லாம் குழைஞ்சு பஞ்சு மிட்டாய் ஆயிடும். எனக்கு அது சில படத்துல பிடிக்கும், கல் மண்டபத்துக்கு முன்னாடி மரம் மட்டும் கரைஞ்ச மாதிரி நிக்கும்போது நல்லாதான் இருக்கு. பிடிக்காதவங்க காத்து ஏறுறதுக்கு முன்னாடி காலையில 9, 10 மணிக்குள்ள முடிச்சுக்குங்க.

ஃபோகஸ் சரியா பண்ணியும் லேசா மங்கலா இருக்கு, ஏன்?

லென்ஸ் இன்ஃப்ராரெட்ட வளைக்கிற அளவு வேற, அதனால ஃபோகஸ் கொஞ்சம் பின்னாடி போய் விழும். பழைய மேனுவல் லென்ஸ்ல தூரம் குறிச்சிருக்குற கோட்டுக்கு பக்கத்துல ஒரு சிவப்பு புள்ளியோ ஆர்னு ஒரு எழுத்தோ இருக்கும் பாருங்க, இதுக்குத்தான். முதல்ல சாதாரணமா ஃபோகஸ் பண்ணி, நடுக்கோட்டுல எந்த தூரம் வந்துச்சோ அதை சிவப்பு புள்ளிக்கு நேரா நகத்திடணும். இப்ப வர்ற லென்ஸ்ல அந்த புள்ளி பெரும்பாலும் இல்ல, அதனால ஃபோகஸ ஒரு மயிரிழை கிட்டத்துக்கு திருப்பி எஃப் 8 வச்சா டெப்த் அதை மறைச்சுடும். எஃப் 16, 22ன்னு போகாதீங்க, அலைநீளம் பெருசுங்கிறதால டிஃப்ராக்‌ஷனும் (சின்ன ஓட்டை வழியா போகும்போது வெளிச்சம் விரியுறது) சீக்கிரமே வந்து படத்த மழுக்கிடும்.

மிரர்லெஸ்ல சென்சார வச்சே ஃபோகஸ் பண்றதால கன்வெர்ட் பண்ண பாடியா இருந்தா இந்த கவலையே இல்ல.

படத்து நடுவுல வெளுத்துப்போய் ஒரு வட்டம் விழுது. லென்ஸ் போச்சா?

போகலை. அதுக்கு பேர் ஹாட் ஸ்பாட். லென்ஸ் மேல இருக்குற கோட்டிங்கும் உள்ள அடிச்சிருக்குற கருப்பு பெயிண்ட்டும் கண்ணுக்கு தெரியுற வெளிச்சத்துக்காக செஞ்சது, இன்ஃப்ராரெட்டுக்கு அந்த கருப்பு பெயிண்ட் கருப்பே இல்லாம போகலாம், வெளிச்சம் உள்ளுக்குள்ளயே முட்டி மோதி நடுவுல வந்து குவியும். விலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. கேனான் 50 எம்எம் எஃப்1.8 இதுல கெட்ட பேர் வாங்கினது, அதே கேனானோட 18-55 கிட் லென்ஸ்ல நல்லாவே வருது. எல்லாரும் கிட் லென்ஸ திட்டுவாங்க, இங்க வந்து அது ஜெயிச்சுடுது.

டெஸ்ட் பண்றது சுலபம்: வெறும் வானத்த, இல்லைன்னா வெயில் படுற ஒரே நிற சுவத்த எஃப் 4, 5.6, 8, 11, 16ன்னு எடுங்க. அப்பர்ச்சர மூட மூட வட்டம் கெட்டியாகும். எந்த எஃப் வரைக்கும் வட்டம் வரலையோ அதுதான் அந்த லென்ஸோட எல்லை, ஒரு சீட்டுல எழுதி லென்ஸ் மூடிக்குள்ள ஒட்டிக்குங்க. வெயில் பக்கவாட்டுல லென்ஸ் மேல அடிக்காம ஹூட் இல்லைன்னா கைய வச்சு மறைச்சா பாதி பிரச்சனை குறையும்.

படம் மொத்தமா ரத்தச் சிவப்பா வருதே?

வரணும், சரியாதான் எடுத்திருக்கீங்க. ஆட்டோ ஒயிட் பேலன்ஸுக்கு இந்த வெளிச்சம் புரியாது. கேமராவுலயே கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் வைக்கணும், வெள்ளை பேப்பர வச்சு இல்ல, வெயில்ல இருக்குற புல்லையோ இலையையோ ஃபில்டரோட ஃபிரேம் நிறைய எடுத்து அதை கேமராவுக்கு "இதுதான் வெள்ளை"ன்னு காட்டணும். சில கேமரா முடியாதுன்னு எரர் காட்டும், பரவாயில்ல, ராவுல (சென்சார்ல விழுந்தத அப்படியே வச்சுக்குற ஃபைல்) எடுத்தா பின்னாடி பாத்துக்கலாம். ஜேபெக்ல மட்டும் எடுத்துட்டு வந்தா சிவப்ப சரி பண்றதுக்குள்ள படம் பிஞ்சுடும், அதனால ரா கண்டிப்பா.

லைட்ரூம்ல ராவ திறந்தா அங்க இன்னொரு முட்டுக்கட்டை, டெம்பரேச்சர் ஸ்லைடர் 2000 கெல்வினோட நின்னுடும், நமக்கு அதுக்கும் கீழ போகணும். அடோபியோட டிஎன்ஜி ப்ரொஃபைல் எடிட்டர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல உங்க கேமரா ராவ டிஎன்ஜியா (அடோபியோட ரா ஃபைல் வகை) மாத்தி அந்த ஃபைல திறந்து கலர் மேட்ரிக்ஸ் டேப்ல ஒயிட் பேலன்ஸ் டெம்பரேச்சர மைனஸ் 100 பக்கம் இழுத்து, ப்ரொஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி லைட்ரூம்ல தேர்ந்தெடுத்தா ஸ்லைடருக்கு மூச்சு வந்துடும். ஒரு தடவை செஞ்சா போதும். இவ்வளவு மெனக்கெட விருப்பம் இல்லைன்னா கேமரா கம்பெனியே குடுக்குற சாஃப்ட்வேர், கேனான்னா டிபிபி, நிக்கான்னா என்எக்ஸ் ஸ்டுடியோ, அதுல திறங்க, கேமராவுல வச்ச ஒயிட் பேலன்ஸ அப்படியே மதிக்கும்.

அந்த நீல வானம், வெள்ளை மரம் படம் எப்படி?

ஒயிட் பேலன்ஸ் சரியானதும் இலை வெள்ளைக்கு பக்கத்துல வந்துடும், வானம் செங்கல் பொடி நிறத்துல நிக்கும். இப்ப சிவப்பு சேனலையும் நீல சேனலையும் இடம் மாத்தணும். போட்டோஷாப்லயோ இலவசமா கிடைக்கிற கிம்ப்லயோ சேனல் மிக்ஸர திறங்க. அவுட்புட் சிவப்புன்னு இருக்கும்போது சிவப்ப 0, நீலத்த 100 ஆக்குங்க. அவுட்புட்ட நீலத்துக்கு மாத்தி சிவப்ப 100, நீலத்த 0 ஆக்குங்க. பச்சைய தொடாதீங்க. செங்கல் வானம் நீல வானமாயிடும். மாத்தாத கேமராவுல 720 போட்டு எடுத்ததுல கலர் கம்மியாதான் இருக்கும், சாச்சுரேஷன இழுத்து இழுத்து ஏத்தினா வானத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் கிளம்பும்.

உண்மைய சொன்னா இந்த நீல வானம் ஸ்டைல் எனக்கு சலிச்சுப்போச்சு. முதல் படம் பாக்கும்போது ஆஹான்னு இருக்கும், அப்புறம் எல்லாரோட படமும் ஒரே படம். கருப்பு வெள்ளையா மாத்தி கான்ட்ராஸ்ட்ல கொஞ்சம் உக்காந்து வேலை பாத்தா அதுல இருக்குற அழுத்தம் கலர்ல வர்றதில்ல. ஆரம்பிக்கிறவங்க முதல் ஒரு மாசம் கருப்பு வெள்ளை மட்டும் பண்ணுங்கன்னுதான் சொல்வேன், சேனல் மாத்துற தலைவலியும் இல்ல.

எந்த நேரத்துல, எதை எடுக்கலாம்?

மத்த போட்டோகிராஃபர் எல்லாம் கேமராவ பைக்குள்ள போட்டுட்டு நிழல்ல உக்காந்திருக்குற நேரம் இருக்கே, காலை 10ல இருந்து 3 மணி வரைக்கும், அதுதான் நமக்கு ஷிஃப்ட். மொட்டை வெயில் நல்லது, வெயிலோட கூட கொத்து கொத்தா மேகம் இருந்தா ரொம்ப நல்லது. முழுசா மூடின வானத்துல எல்லாம் சாம்பல்தான், கிளம்பவே வேணாம். வடகிழக்கு பருவமழை ஓஞ்சு மார்கழி தையில வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும், இலையும் பசுமையா இருக்கும், நம்ம பக்கத்துக்கு அதை விட நல்ல சீசன் கிடையாது.

நடவு முடிஞ்ச வயல் ஒண்ண எடுத்து பாருங்க. பாதி தண்ணி, பாதி நாத்து. தண்ணி மசி மாதிரி கருப்பு, அதுல நாத்து ஒவ்வொண்ணும் வெள்ளை தையல் போட்ட மாதிரி நேர்கோட்டுல, நடுவுல மேகம் தலைகீழா. வரப்பு மண்ணு சாம்பல் நிறத்துல இதை ரெண்டா பிரிச்சு நிக்கும். கண்ணால பாக்கும்போது எல்லாமே பச்சையும் சேறுமா ஒண்ணோட ஒண்ணு கலந்து கிடந்த இடம்தான் அது. கல்லும் செடியும் பக்கத்துல பக்கத்துல இருக்குற இடமெல்லாம் இப்படித்தான் கைகொடுக்கும், பழைய கோட்டை, புல்தரைக்கு நடுவுல கோயில், படித்துறையில சாஞ்ச அரசமரம். பச்சையே இல்லாத தெருவ இன்ஃப்ராரெட்ல எடுத்தா சாதா கருப்பு வெள்ளைக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசம் தெரியாது.

வீட்டுக்குள்ள எடுக்கலாமா?

எல்இடி பல்புல இன்ஃப்ராரெட் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. பழைய குண்டு பல்பு, ஹாலஜன் இருந்தா கொட்டும். ஃப்ளாஷ்லயும் இருக்கு.

ஆளுங்கள எடுத்தா எப்படி வரும்?

மாத்தாத கேமரான்னா 10 செகண்ட் ஆடாம நிக்க சொல்லணும், பாவம். கன்வெர்ட் பண்ண கேமராவுல எடுத்தா தோல் மொழுமொழுன்னு மெழுகு மாதிரி வரும், வெளிச்சம் தோலுக்குள்ள கொஞ்ச தூரம் போய் சிதறி திரும்புறதால பரு, தழும்பு எல்லாம் மங்கிடும், மெலனின் இந்த அலைநீளத்துல கம்மியா உறிஞ்சுறதால கருப்பு தோலுக்கும் சிவப்பு தோலுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசமும் நல்லா குறைஞ்சுடும். அதே காரணத்தால நம்ம கருவிழி வெளிறி அதுல இருக்குற கோடெல்லாம் தெரியும். ஆதார் எடுக்கும்போது கண்ண ஒரு பைனாகுலர் மாதிரி கருவியில வச்சு ஸ்கேன் பண்ணாங்களே, அது நியர் இன்ஃப்ராரெட்ல எடுக்குறதும் இதுக்குத்தான். கை நரம்பு மட்டும் தோலுக்கு அடியில கருநிறமா தெரியும், க்ளோசப் எடுக்கும்போது சிலர் பயந்துடுவாங்க.

துணிக்கு உள்ள தெரியும்னு சொல்றாங்களே?

இந்த கேள்விய கேக்காத ஆளே இல்ல. 1998ல சோனி ஹேண்டிகேம் நைட்ஷாட்டால கிளம்பின சர்ச்சை இது, கம்பெனி அப்பவே அந்த மோட பகல்ல வேலை செய்யாத மாதிரி மாத்துச்சு. 2020ல ஒன்பிளஸ் 8 ப்ரோ போன்லயும் ஒரு கலர் ஃபில்டர் கேமரா மெல்லிசான கருப்பு பிளாஸ்டிக் வழியா பாக்குதுன்னு சத்தம் கிளம்பி அந்த வசதிய முடக்கினாங்க. சில மெல்லிசான சிந்தெடிக் துணி, உடம்போட ஒட்டி இருக்கும்போது லேசா தெரியும்கிறது உண்மை, பருத்தி, கெட்டித் துணியில ஒண்ணும் தெரியாது. அதுக்காக இந்த பக்கம் வர்ற ஆளா இருந்தா தயவுசெஞ்சு வேற பொழப்ப பாருங்க. நீங்க ஆளுங்கள எடுக்குறீங்கன்னா அவங்ககிட்ட என்ன கேமரான்னு சொல்லிட்டு எடுங்க.

கன்வெர்ட் பண்றதுன்னா என்ன? எப்ப பண்ணலாம்?

ஹாட் மிரர எடுத்துட்டு அந்த இடத்துல 720 மாதிரி ஒரு ஃபில்டர நிரந்தரமா வச்சுடுவாங்க. அப்புறம் ட்ரைபாட் வேணாம், சாதாரணமா கைல பிடிச்சு 1/500ல எடுக்கலாம், வ்யூஃபைண்டர்லயும் எல்லாம் தெரியும், ஆனா அந்த கேமராவுல இனி குடும்ப போட்டோ எடுக்க முடியாது. இன்னொரு வகை ஃபுல் ஸ்பெக்ட்ரம், வெறும் தெளிவான கண்ணாடிய வச்சுட்டு லென்ஸ் முன்னாடி வேணுங்கிற ஃபில்டர மாத்தி மாத்தி போட்டுக்கிறது. மிரர்லெஸ்னா ஃபுல் ஸ்பெக்ட்ரம் எடுங்க. டிஎஸ்எல்ஆர்னா உள்ள ஃபில்டர் வைக்கிறதே மேல், இல்லைன்னா வ்யூஃபைண்டர் இருட்டுங்கிற பழைய பிரச்சனை அப்படியே இருக்கும்.

அமெரிக்காவுல லைஃப்பிக்சல், கொலாரி விஷன்னு இதையே தொழிலா செய்யுறவங்க இருக்காங்க. அனுப்பி வாங்குறப்ப கூரியர், கஸ்டம்ஸ் ரெண்டும் சேந்து சில சமயம் பழைய பாடியோட விலையையே தாண்டிடும், கணக்கு போட்டுட்டு இறங்குங்க. ட்ரைபாட்ல ஒரு சீசன் முழுக்க எடுத்து, அதுக்கப்புறமும் ஆசை அடங்கலைன்னா பண்ணுங்க.

நானே கழட்டி பண்ணிக்கலாமா?

ஃப்ளாஷ் உள்ள இருக்குற கேமரான்னா வேணாம்னு சொல்றேன். ஃப்ளாஷ் கெப்பாசிட்டர்ல 300 வோல்ட் வரைக்கும் நிக்கும், பேட்டரிய கழட்டினாலும் சார்ஜ் அதுல இருக்கும், விரல் பட்டா தூக்கி அடிக்கும். அதை சமாளிச்சாலும் எடுத்த கண்ணாடிக்கு பதிலா சரியான தடிமன்ல இன்னொரு கண்ணாடி வைக்கலைன்னா ஃபோகஸ் மொத்தமா தவறிடும். போனா போகட்டும்னு இருக்குற பழைய வெப்கேம்ல ஆரம்பிங்க, அதுல லென்ஸுக்கு பின்னாடி இளஞ்சிவப்பா பச்சையா மின்னுற குட்டி சதுர கண்ணாடி இருக்கும், அதை எடுத்துட்டு லென்ஸ திருகி ஃபோகஸ் வச்சா முடிஞ்சது.

அஸ்ட்ரோவுக்கு, அதாவது ராத்திரி வானத்த எடுக்க மாத்தின கேமரா இதுக்கு ஆகுமா?

கேனான் 20டிஏ, 60டிஏ மாதிரி கம்பெனியே மாத்தி விட்டது ஆகாது. அது ஹைட்ரஜனோட 656 நானோமீட்டர் சிவப்ப கூடுதலா உள்ள விடுறதுக்கு செஞ்சது, 700க்கு மேல அதுவும் தடுக்கும்.

சாட்டிலைட் படத்துல காடு சிவப்பா இருக்குமே, அதுவும் இதுவும் ஒண்ணா?

விஷயம் ஒண்ணுதான், கலர் குடுத்த விதம் வேற. அங்க இன்ஃப்ராரெட்டுக்கு சிவப்பு நிறம் குடுத்து, சிவப்புக்கு பச்சை, பச்சைக்கு நீலம்னு ஒரு படி தள்ளி வைப்பாங்க, இலைதான் இன்ஃப்ராரெட்ல பளிச்சுன்னு இருக்கே, அதனால காடும் வயலும் சிவப்பாயிடும். இஸ்ரோ 1988ல அனுப்பின ஐஆர்எஸ் 1ஏ சாட்டிலைட்லயும் நியர் இன்ஃப்ராரெட் பேண்ட் இருந்துச்சு, பயிர் எப்படி இருக்குன்னு பாக்க. கோடாக்கோட ஏரோக்ரோம் ஃபிலிமும் இதே நிறக்கணக்குதான், இரண்டாம் உலகப்போர்ல பச்சை பெயிண்ட் அடிச்சு ஒளிச்சு வச்ச தளவாடத்தையும் நிஜ இலையையும் பிரிச்சு பாக்க உருவான வகை, இப்ப அந்த ஃபிலிம் உற்பத்தியே இல்ல.

ஃபில்டர் கருப்பாதானே இருக்கு, அது வழியா சூரியன பாக்கலாமா? கிரகணத்துக்கு ஆகுமா?

கூடவே கூடாது. கண்ணுக்கு இருட்டா தெரியுறதால கண்ணோட பாவை விரிஞ்சுக்கும், இன்ஃப்ராரெட் மொத்தமும் தடையே இல்லாம உள்ள போய் விழித்திரைய சுடும், விழித்திரையில வலி தெரியாது, அதனால சுடுறதே உங்களுக்கு தெரியாது. டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர் வழியா பாக்குறதும் இதே ஆபத்துதான். ஃபிரேம்ல சூரியன் வர்ற மாதிரி எடுக்கணும்னா லைவ் வியூ ஸ்க்ரீன்ல மட்டும் பாருங்க. வீட்டுல பசங்க இருந்தா ஃபில்டர டப்பாவுல போட்டு உயரத்துல வைங்க, இவ்வளவு அழகா கருப்பா இருக்குற கண்ணாடிய எடுத்து வெயில பாக்காத பையன் கிடையாது.